முகவரியில் ஒரு பெரிய எழுத்து

ஓர் ஆசிரியர் அமைப்பு ஆண்டுதோறும் வெளியிடும் பாடத்துணை நூல்களின் பின்னட்டையில், அதன் இணையதள முகவரி முழுவதும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் அச்சிடப்பட்டிருக்கும். அட்டையை வடிவமைத்தவருக்கு அது பார்வைக்கு எடுப்பாக இருந்தது. தளமும் அப்போது விண்டோஸ் சர்வரில் இருந்ததால் அந்த முகவரியை எப்படித் தட்டச்சு செய்தாலும் பக்கம் திறந்தது. பிறகு தளத்தை லினக்ஸ் சர்வருக்கு மாற்றித் தரும் பொறுப்பு என்னிடம் வந்தது. மாற்றி முடித்த மறுநாள் காலையில் ஓர் ஆசிரியை தொலைபேசியில் அழைத்தார். “புத்தகத்துல போட்டிருக்கிற மாதிரியே ஒவ்வோர் எழுத்தா பார்த்துத்தான் சார் அடிச்சேன், பக்கமே இல்லைன்னு வருது” என்றார். அவர் செய்தது முழுக்கச் சரி. அச்சில் இருந்ததை அப்படியே அடித்த ஒருவருக்குப் பக்கம் கிடைக்கவில்லை என்றால், தவறு சர்வரை அமைத்த என்னுடையதுதான்.

அன்று சர்வரின் பதிவேட்டைத் திறந்து, பக்கம் இல்லை என்பதைக் குறிக்கும் 404 என்ற எண்ணோடு பதிவான வேண்டுகோள்களை மட்டும் பிரித்தெடுத்துப் படித்தேன். முழுவதும் பெரிய எழுத்துகளில் வந்தவை சில. ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்து மட்டும் பெரிதாக இருந்தவை பல. அவை பழைய தளத்தின் கோப்புகளுக்கு வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பணியாளர்கள் தம் விருப்பப்படி இட்ட பெயர்கள். பிற தளங்கள் பல ஆண்டுகளுக்கு முன் கொடுத்திருந்த இணைப்புகளும் அந்த வடிவத்திலேயே இருந்தன. எல்லாவற்றையும்விட என்னை வருத்தியது, எங்கள் பக்கங்களே ஒன்றையொன்று சுட்டிய இணைப்புகளிலும் இந்த ஒழுங்கின்மை இருந்ததுதான். விண்டோஸ் அதைப் பல ஆண்டுகள் மூடி வைத்திருந்தது.

இணைய முகவரி கண்ணுக்கு ஒரே தொடராகத் தெரிந்தாலும் அதன் பகுதிகள் வெவ்வேறு விதிகளுக்குக் கட்டுப்பட்டவை. டிம் பெர்னர்ஸ்-லீ, ராய் ஃபீல்டிங், லாரி மசின்டர் ஆகிய மூவரின் பெயரில் 2005 ஜனவரியில் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 3986 என்ற இணைய விதி ஆவணம் இதைத் தெளிவாக வகுத்திருக்கிறது. முகவரியின் தொடக்கத்தில் வரும் எச்.டி.டி.பி.எஸ். என்ற பகுதியிலும், அதை அடுத்து வரும் தளப்பெயரிலும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு இல்லை. தளப்பெயருக்குப் பின், சாய்கோட்டிலிருந்து தொடங்கும் பாதையில் வேறுபாடு உண்டு என்றே கொள்ள வேண்டும். தளப்பெயர்களைத் தேடித்தரும் டி.என்.எஸ். அமைப்பு 1987 முதலே எழுத்தின் அளவைப் பொருட்படுத்துவதில்லை. கைப்பேசியின் விசைப்பலகை வாக்கியத்தின் முதலெழுத்தைத் தானாகவே பெரிதாக்கி, அதனால் தளப்பெயரின் முதலெழுத்து பெரிதாகப் போனாலும் யாருக்கும் பாதிப்பில்லை என்பதற்கு இதுவே காரணம். சாய்கோட்டைத் தாண்டிய பிறகு அந்தச் சலுகை கிடையாது. ஆங்கிலப் பெரிய ‘ஏ’ என்பது கணினிக்கு 65 என்ற எண். சிறிய ‘ஏ’ என்பது 97. இரண்டுக்கும் இடையிலான 32 என்பது இரும எண்முறையில் ஒரே ஒரு பிட்தான், ஆனால் பாதையைப் பொறுத்தவரை அந்த ஒரு பிட் வேறு பக்கத்தைக் குறிக்கிறது.

விதி இவ்வாறு இருக்க, கோப்புகளை வைத்திருக்கும் இயங்குதளங்கள் தம் போக்கில் நடக்கின்றன. விண்டோஸின் கோப்பமைப்பான என்.டி.எஃப்.எஸ்., கோப்பின் பெயரை நாம் எழுதிய வடிவிலேயே காத்து வைக்கும், ஆனால் தேடும்போது எழுத்தின் அளவைப் பார்க்காது. மேக் கணினியும் இயல்பாக அப்படியே நடந்துகொள்ளும். லினக்ஸில் பரவலாக உள்ள எக்ஸ்ட்4 கோப்பமைப்பு, பெரிய எழுத்துப் பெயரையும் சிறிய எழுத்துப் பெயரையும் இரண்டு வெவ்வேறு கோப்புகளாகவே கருதும். மேக்கில் இணையதளத்தை உருவாக்கி, சோதித்து, மனநிறைவோடு லினக்ஸ் சர்வரில் ஏற்றியதும் படங்கள் தோன்றாமல் போவது இதனால்தான். கோப்பின் பெயரில் எழுத்தின் அளவை மட்டும் மாற்றினால், மேக்கிலும் விண்டோஸிலும், கோப்புகளின் மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட் மென்பொருள் அதை ஒரு மாற்றமாகவே பார்க்காமல் விட்டுவிடலாம். பெயர் மாற்றத்துக்கென்று கிட் தரும் கட்டளையைக் கொண்டே மாற்ற வேண்டும். எங்கள் தளத்தில் இப்படித் தப்பிய கோப்புகளைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

2019இல் வெளியான லினக்ஸ் 5.2 பதிப்பு முதல், எக்ஸ்ட்4இலும் கோப்புகளைத் தொகுத்து வைக்கும் ஒரு குறிப்பிட்ட அடைவுக்கு மட்டும் எழுத்தின் அளவைப் பாராட்டாமல் இருக்கும் வசதியை இயக்க முடியும். அதை இயக்கிவிட்டால் வேலை முடிந்துவிடுமே, பிழையான முகவரியில் வருபவரைச் சரியான முகவரிக்குத் திருப்பி அனுப்பும் வழிமாற்று எதற்கு என்று உடன் பணியாற்றிய நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான், ஆயினும் நான் மறுத்தேன். பக்கம் திறக்கிறது என்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. பத்து எழுத்துகள் கொண்ட ஒரு பாதைச் சொல்லை, எழுத்துகளின் அளவை மட்டும் மாற்றி 1,024 வகையாக எழுதலாம். அத்தனைக்கும் சர்வர் அதே பக்கத்தை அளித்தால், தேடுபொறிகளின் கணக்கில் அவை 1,024 தனித்தனி முகவரிகள். எது முதன்மையானது என்பதை அவை தாமாக ஊகிக்க வேண்டும். இடையில் நகல் வைத்திருக்கும் சர்வர்கள் ஒரே பக்கத்தின் நகல்களைத் தனித்தனியாகச் சேமிக்கும். பார்வையாளர் எண்ணிக்கையும் வரிவரியாகச் சிதறும். எங்கள் அமைப்பின் ஆண்டறிக்கையில் ஒரே பாடத்தின் பக்கம் மூன்று வரிகளில் மூன்று எண்ணிக்கைகளோடு இடம்பெற்றிருந்ததைப் பிற்பாடு கண்டுபிடித்தோம்.

இதைவிடக் கடுமையான காரணம் பாதுகாப்பு. ஓர் அடைவை வெளியார் பார்க்கக் கூடாது என்று சர்வரில் எழுதும் விதி, எழுத்தின் அளவையும் சேர்த்தே ஒப்பிடக்கூடும். கோப்பமைப்போ அளவைப் பாராமல் கோப்பை எடுத்துக் கொடுத்துவிடும். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள இடுக்கின் வழியே ஒருவர் நுழைந்துவிடலாம். 2001இல் மேக் ஓ.எஸ். எக்ஸ் இயங்குதளத்தின் எச்.எஃப்.எஸ். பிளஸ் கோப்பமைப்பின் மேல் இயங்கிய அப்பாச்சி என்ற இணைய சர்வர் மென்பொருளில் இதே குறை கண்டறியப்பட்டது: முகவரியில் எழுத்தின் அளவை மாற்றி அனுப்பினாலே தடைவிதி செயலிழந்தது. தேடுபொறிகளை விலக்கி வைப்பதற்கான ரோபாட்ஸ் கோப்பும், 2022இல் ஆர்.எஃப்.சி. 9309 என்று முறைப்படுத்தப்பட்டபோது, பாதைகளை எழுத்தின் அளவோடு ஒப்பிட வேண்டும் என்றே வகுக்கப்பட்டது. சிறிய எழுத்தில் நாம் விலக்கிய அடைவு, பெரிய எழுத்தில் கேட்டால் விலக்கப்பட்டதாகக் கருதப்படாது.

முதன்மை முகவரி இதுதான் என்று பக்கத்தின் தலைப்பகுதியிலேயே குறித்துவிடும் முறையும் உண்டு. 2009இல் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து அறிமுகப்படுத்தியது அது. தேடுபொறிக்கு அது போதும். ஆனால் உலாவியின் முகவரிப் பட்டையில் பிழையான வடிவம் அப்படியே நின்றுவிடுகிறது. வாசகர் அதைத்தான் நகலெடுத்து வாட்ஸாப்பில் அடுத்தவருக்கு அனுப்புகிறார். வழிமாற்று ஒன்றுதான் அந்தப் பட்டையில் இருப்பதையே திருத்துகிறது. இதனாலேயே அதை நான் விரும்புகிறேன்.

முடிவு எளிதாக இருந்தது, செய்முறையில்தான் தவறினேன். பாதைகள் அனைத்தும் சிறிய எழுத்துகளிலேயே இருக்க வேண்டும் என்று தீர்மானித்து, பெரிய எழுத்து ஒன்றேனும் உள்ள எந்த முகவரி வந்தாலும் அதை முழுவதுமாகச் சிறிய எழுத்துக்கு மாற்றி அனுப்பும்படி ஒரு விதி எழுதினேன். ‘முழுவதுமாக’ என்பதில், முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் வரும் பகுதியும் அடங்கிவிட்டது. அன்று மாலைக்குள் கடவுச்சொல்லை மறந்த ஆசிரியர்கள் எவராலும் புதுக் கடவுச்சொல் அமைக்க முடியவில்லை. மின்னஞ்சலில் அவர்களுக்குச் சென்ற இணைப்பின் இறுதியில் ஒரு நீண்ட மறைகுறி இருந்தது. அதில் பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் தனித்தனி மதிப்பு. என் விதி அதைச் சிதைத்துவிட்டிருந்தது. இத்தகைய குறிகளில் 26 பெரிய எழுத்துகள், 26 சிறிய எழுத்துகள், 10 எண்கள், மேலும் 2 குறிகள் என மொத்தம் 64 வடிவங்கள் பயன்படுகின்றன. எல்லாவற்றையும் சிறிதாக்கினால் 38 மட்டுமே எஞ்சும், இழந்ததை மீட்க வழியே இல்லை. யூடியூபின் 11 எழுத்து அடையாளங்களும், நீண்ட முகவரிகளைச் சுருக்கித் தரும் சேவைகளின் குறுங்குறிகளும் இதே வகையைச் சேர்ந்தவை. அன்றிலிருந்து நான் கைக்கொள்ளும் நெறி, பாதையை மட்டும் மாற்றுவது, கேள்விக்குறிக்கு அப்பால் இருப்பதைத் தொடாமல் அப்படியே சேர்த்து அனுப்புவது. பாதையிலேயே மறைகுறி வரும் பக்கங்கள் இருந்தால், வழிமாற்று விதிக்கு முன்பே அவற்றுக்கு விலக்கு எழுத வேண்டும்.

எங்கள் சர்வர் அப்பாச்சி. அதில் வழிமாற்றுக்கான தொகுதியினுள், எழுத்துகளைச் சிறிதாக்கும் உள்ளமைந்த செயல்பாடு ஒன்று இருக்கிறது. அதற்கு ஒரு பெயர் சூட்டி அறிவித்துவிட்டு விதிகளில் அழைக்கலாம். ஆனால் அந்த அறிவிப்பை சர்வரின் முதன்மை அமைப்புக் கோப்பிலோ, குறிப்பிட்ட தளத்துக்கான மெய்நிகர் பகுதியிலோதான் எழுத முடியும். அடைவுகளுக்குள் வைக்கும் சிறு அமைப்புக் கோப்பில் எழுதினால் ஏற்றுக்கொள்ளாது. பகிர்வு சர்வரில் இடம் வாடகைக்கு எடுத்திருப்பவர்கள் இந்த இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள்; இணையத்தில் கிடைத்த வரிகளை ஒட்டிவிட்டு, சர்வரின் உள்கோளாறைக் குறிக்கும் 500 பிழை வருகிறதே என்று கேட்பவர்களில் பலருக்குக் காரணம் இதுவே. அவர்களுக்கு உதவக்கூடிய இன்னொரு தொகுதி ‘மாட் ஸ்பெலிங்’. ஆங்கிலத்தில் எழுதும்போது அதன் பெயரிலேயே ஓர் எழுத்து குறைந்திருக்கும். கேட்ட பெயரில் கோப்பு இல்லையென்றால், அடைவில் உள்ள பெயர்களை எல்லாம் ஒப்பிட்டுப் பார்த்து நெருங்கிய ஒன்றுக்கு அது வழிமாற்றும். எழுத்தின் அளவை மட்டும் திருத்து என்று அதற்குக் கட்டுப்பாடு விதிக்காவிட்டால், ஓரெழுத்துப் பிழைகளையும் ஊகித்துத் திருத்த முற்படும். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மேலும் அது உண்மையான கோப்புகளுக்கே பயன்படும். வேர்ட்பிரஸ் போல் தரவுத்தளத்திலிருந்து உருவாகும் பக்கங்கள் அதன் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

அப்பாச்சிக்கு மாற்றாகப் பயன்படும் என்ஜின்எக்ஸ் சர்வரின் அமைப்பு மொழியில் எழுத்தைச் சிறிதாக்கும் செயல்பாடே கிடையாது. பெர்ல், லுவா, அல்லது ஜாவாஸ்கிரிப்ட் தொகுதியின் துணை வேண்டும். பழைய பாதைகள் சில நூறுக்குள் இருந்தால் அந்தத் துணைகூடத் தேவையில்லை. அதிலுள்ள ‘மேப்’ என்ற அட்டவணை, இடப்புறச் சொற்களை எழுத்தின் அளவு பாராமல் ஒப்பிடும் இயல்புடையது. பழைய பாதை ஒரு புறம், சரியான பாதை மறு புறம் என்று எழுதிவிடலாம். அதில் ஒரு பள்ளம் இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். அளவு பாராமல் ஒப்பிடுவதால் சரியான வடிவமும் அதே வரியோடு பொருந்திவிடும், பக்கம் தன்னைத் தானே நோக்கி முடிவின்றி வழிமாற்றிக்கொண்டிருக்கும். வந்த பாதையும் போக வேண்டிய பாதையும் ஒன்றாக இருந்தால் வழிமாற்றாதே என்ற சோதனை கட்டாயம் வேண்டும். மைக்ரோசாஃப்டின் ஐ.ஐ.எஸ். சர்வரில் இந்த வேலை மிகச் சுலபம். முகவரிகளைச் சிறிய எழுத்துக்கு மாற்றும் விதி ஆயத்த வார்ப்பாகவே கிடைக்கிறது. ஆனால் அங்கே நாமே நிரல் எழுதி எழுத்தைச் சிறிதாக்கினால் மொழி அமைப்பைக் கவனிக்க வேண்டும். துருக்கிய மொழியில் பெரிய ‘ஐ’ எழுத்தின் சிறிய வடிவத்துக்கு மேலே புள்ளி இல்லை. சர்வர் அந்த மொழி அமைப்பில் இயங்கினால் முகவரி வேறொன்றாகிவிடும்.

எந்த எண்ணோடு வழிமாற்றுவது என்பதிலும் நிதானம் வேண்டும். நிலையான மாற்றத்துக்கு 301, தற்காலிக மாற்றத்துக்கு 302 என்பது பலரும் அறிந்தது. 301ஐ உலாவிகள் நினைவில் வைத்துக்கொள்கின்றன என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிழையான 301 ஒன்றை ஒரு மணி நேரம் இயக்கிவிட்டு நாம் திருத்திவிட்டாலும், அந்த ஒரு மணி நேரத்தில் வந்து சென்றவரின் உலாவி சர்வரைக் கேட்காமலே பழைய பிழையான வழியில் போய்க்கொண்டிருக்கக்கூடும். கடவுச்சொல் சிக்கலை நான் திருத்திய பின்னும் சில ஆசிரியர்களுக்கு அது தொடர்ந்ததன் காரணம் இதுதான். ஆகவே இப்போது முதலில் 302ஆக வைத்து, சில நாள்கள் பதிவேட்டைப் பார்த்து, நம்பிக்கை வந்த பிறகே 301 ஆக்குகிறேன். படிவங்களை அனுப்பும் முகவரிகளுக்கு வேறொரு கவனமும் தேவை. 301ஐப் பெற்ற உலாவி, அனுப்பிய படிவத்தின் உள்ளடக்கத்தை விட்டுவிட்டு வெறுமனே பக்கத்தைக் கேட்க வரலாம். பழைய நடைமுறையைக் கருதி விதியே அதற்கு இடமளிக்கிறது. படிவம் சிதையாமல் போக வேண்டிய இடத்துக்காகவே 308 என்ற எண் பின்னாளில் சேர்க்கப்பட்டு, 2015இல் ஆர்.எஃப்.சி. 7538 என்று உறுதியானது. படிவங்களைப் பொறுத்தவரை, வழிமாற்றை நம்பாமல் பக்கத்தில் உள்ள முகவரியையே திருத்திவிடுவது மேல்.

பல வழிமாற்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக நடப்பதையும் தவிர்க்க வேண்டும். பாதுகாப்பற்ற முகவரியிலிருந்து பாதுகாப்பான முகவரிக்கு ஒரு தாவல், தளப்பெயரின் முன்னொட்டுக்காக ஒரு தாவல், இறுதிச் சாய்கோட்டுக்காக ஒரு தாவல், பிறகு எழுத்தின் அளவுக்காக இன்னொன்று என்று நான்கு முறை வாசகரை அலைக்கழிப்பது, வேகம் குறைந்த இணைப்பில் கைப்பேசியை வைத்துக்கொண்டு காத்திருக்கும் ஆசிரியருக்குச் செய்யும் கொடுமை. எல்லாத் திருத்தங்களையும் சர்வருக்குள்ளேயே முதலில் கணக்கிட்டு, இறுதி வடிவத்துக்கு ஒரே தாவலில் அனுப்பலாம்.

தமிழ் முகவரிகளுக்கு இந்தத் தொல்லை இருக்காது என்று நினைத்திருந்தேன். தமிழ் எழுத்துகளில் பெரியது, சிறியது என்ற பாகுபாடே இல்லையே. ஆனால் முகவரி சர்வருக்குப் போகும்போது தமிழாகப் போவதில்லை. ஒவ்வொரு யூனிகோட் குறியும் மூன்று பைட்டுகளாகி, ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு பதினாறடிமான இலக்கங்களுமாக எழுதப்படுகிறது. ‘தமிழ்’ என்ற மூன்றெழுத்துச் சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து யூனிகோட் குறிகள். அவை 15 பைட்டுகளாகி முகவரியில் 45 இடங்களைப் பிடிக்கின்றன. பதினாறடிமானத்தில் 9க்கு மேற்பட்ட இலக்கங்களை ஆங்கில எழுத்துகளால் எழுதுகிறோம், அவற்றைப் பெரிதாகவும் எழுதலாம், சிறிதாகவும் எழுதலாம். தமிழ் எழுத்து ஒவ்வொன்றின் முதல் பைட்டிலும் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்து இருக்கிறது. ஆகத் தமிழ் முகவரி எதுவும் இந்தச் சிக்கலிலிருந்து தப்ப முடியாது. இரண்டு வடிவமும் ஒன்றே என்றும், எழுதும்போது பெரிய எழுத்தையே பயன்படுத்துவது நல்லது என்றும் ஆர்.எஃப்.சி. 3986 சொல்கிறது. வேர்ட்பிரஸ் தன் தரவுத்தளத்தில் சிறிய எழுத்தாகவே சேமிக்கிறது.

பெரிய எழுத்து இருக்கிறதா என்று சோதிக்கும் விதி, முகவரியைத் தமிழாக மீட்டெடுத்த பின் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. அப்பாச்சியின் வழிமாற்று விதிகள் இயல்பாக அப்படித்தான் ஒப்பிடுகின்றன. மூல வடிவத்தையே சோதிப்பதாக எழுதிவிட்டால், பெரிய எழுத்துக் குறியீட்டில் வரும் ஒவ்வொரு தமிழ்ப் பக்கமும் பெரிய எழுத்து உடையதாகத் தோன்றி வழிமாற்றப்படும். பின்னாளில் வேறொரு தளத்தில் இதை நேரில் பார்த்தேன். முன்னால் நின்ற நகல் சர்வர் ஒவ்வொரு முகவரியையும் பெரிய எழுத்துக் குறியீட்டுக்கு மாற்றி உள்ளே அனுப்பியது. உள்ளே இருந்த விதி அதைச் சிறிய எழுத்துக்கு மாற்றி வெளியே அனுப்பியது. உலாவிகள் 20 தாவல்களுக்குப் பிறகு கைவிட்டுவிடும். ஆங்கிலப் பக்கங்கள் எல்லாம் சரியாகத் திறக்க, தமிழ்ப் பக்கம் ஒன்றுகூடத் திறக்காமல் கிடந்தது, சோதித்தவர்கள் ஆங்கிலப் பக்கங்களை மட்டுமே பார்த்திருந்ததால் பல நாள்கள் அது கவனிக்கப்படவில்லை. இப்படி ஒரு விதியை எழுதுகிறவர் தமிழ் முகவரி ஒன்றையும் சோதித்துப் பார்த்துவிட வேண்டும் என்று நான் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆசிரியர் அமைப்பின் தளத்துக்குத் திரும்புகிறேன். சுற்றுச் சாலையை அமைத்துவிட்டு நம் வீட்டு வாசலிலேயே தவறான பலகையை வைத்திருக்கக் கூடாது என்பதால், பக்கங்களுக்குள் இருந்த இணைப்புகள், தேடுபொறிக்கான தளப்பட்டியல், மின்னஞ்சல் வார்ப்புகள் அனைத்திலும் முகவரிகளைச் சிறிய எழுத்துக்குத் திருத்தினேன். வழிமாற்று வெளியிலிருந்து வருபவர்களுக்கானது.

அடுத்த பதிப்பின் அட்டைக்காக வடிவமைப்பாளர் வந்தபோது, முகவரியை இனிச் சிறிய எழுத்துகளில் அச்சிடும்படி கேட்டுக்கொண்டேன். கூடவே ஒரு கியூஆர் குறியும் வேண்டும் என்றார்கள். அட்டையில் இடம் மிகக் குறைவு. கியூஆர் குறியில் எண்களும் எழுத்துகளும் கலந்த ஒரு சிக்கன முறை உண்டு. 10 எண்கள், 26 பெரிய எழுத்துகள், இடைவெளி உள்ளிட்ட 9 குறிகள் என 45 வடிவங்களை மட்டுமே அது அறியும்; சிறிய எழுத்துகள் அதில் இல்லை. இரண்டு குறிகளை 11 பிட்டுகளில் அடைத்துவிடும் அந்த முறையில், 24 குறிகள் கொண்ட முகவரி மிகக் குறைந்த பிழைதிருத்த நிலையில் 21க்கு 21 கட்டங்களுக்குள் அடங்கும். அதையே சிறிய எழுத்தில் எழுதினால் 25க்கு 25 கட்டங்கள் வேண்டும். கட்டங்கள் குறையக் குறைய ஒவ்வொரு கட்டமும் பெரிதாகும், மலிவான தாளில் மை சற்றுப் பரவினாலும் கைப்பேசி அதைப் படித்துவிடும். எனவே குறிக்குள் இருந்த முகவரியை மட்டும் முழுவதும் பெரிய எழுத்துகளில் அமைத்தோம். சர்வரில் வழிமாற்று இருந்ததால் அதைத் துணிந்து செய்ய முடிந்தது.

அந்த அட்டை அச்சாகி வந்த வாரத்தில் பதிவேட்டைப் பார்த்தேன். பெரிய எழுத்துகளில் வந்த வேண்டுகோள்கள் முன்னைவிடக் கூடியிருந்தன. கியூஆர் குறிக்கென நாங்கள் ஒதுக்கிய குறும்பாதை அவற்றில் மிகுதி. அவற்றுக்கு நடுவே பழைய பின்னட்டையில் இருந்த நீண்ட பாதையும் சில முறை வந்திருந்தது. எல்லா வரிகளிலும் 301, அதை அடுத்து, பக்கம் கிடைத்தது என்பதற்கான 200.